ஃபண்டிக் கரையின் சிவப்புக் குகைகள்

நாகப்பட்டினத்துக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூடத் தாண்டாது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கரையில் கிடக்கும் படகின் அடிமரம் நனையும், மற்ற நாட்களில் நனையாது, அவ்வளவுதான். அந்த ஊர்ப் பள்ளியில் புவியியல் டீச்சராக இருந்து, ஓதங்கள் பற்றிய பாடத்தை வருஷா வருஷம் நடத்தினேன். உலகிலேயே உயரமான ஓதம் எங்கே என்று கேட்டால் வகுப்பு முழுக்க ஒரே குரலில் "கனடா, ஃபண்டி விரிகுடா" என்று சொல்லும். 16 மீட்டர் என்பேன். ஐந்து மாடி உயரம் என்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தண்ணீர் ஐந்து மாடி ஏறி இறங்கும் கரையில் படகை எங்கே கட்டுவார்கள், வலையை எங்கே உலர்த்துவார்கள், அந்தக் கரையின் பாறை என்ன பாடுபடும் என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

மகளுக்கு நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், செயின்ட் ஜான் நகரத்தில் வேலை கிடைத்தது. வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தால் ஊர் ஃபண்டி விரிகுடாவின் கரையிலேயே இருக்கிறது. பேத்தியைப் பார்க்கவும் அந்த விரிகுடாவைப் பார்க்கவுமாக ஒரு கோடையில் போய்ச் சேர்ந்தேன்.

அங்கிருந்து கிழக்கே முக்கால் மணி நேரம் காரில் போனால் செயின்ட் மார்ட்டின்ஸ். பழைய பெயர் குவாக்கோ. ஒரு தெரு, சில மர வீடுகள், மரக்கூரை போட்ட பாலங்கள், ஒரு சின்னத் துறைமுகம். இன்று பார்த்தால் நம்ப முடியாது, 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் 500-க்கும் மேற்பட்ட பாய்மரக் கப்பல்கள் கட்டப்பட்டிருக்கின்றன. பின்னால் முடிவில்லாத காடு, முன்னால் இந்தக் கடல். கரையிலேயே கப்பலைக் கட்டி முடித்து, பெரிய ஏற்றம் வரும் நாளாகப் பார்த்துத் தண்ணீரில் இறக்குவார்களாம். நாள் குறிக்க நிலாவைப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊர்த் தச்சர்களும் புதுப் படகை இறக்க நாள் பார்ப்பார்கள், காரணம் வேறாக இருந்தாலும்.

மாப்பிள்ளை வேண்டுமென்றே தண்ணீர் நிறைந்திருக்கும் நேரத்தில்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தார். "முதல்ல தண்ணியோட பாருங்க அத்தை. அப்பதான் தண்ணி இல்லாம பாக்கும்போது புரியும்" என்றார். சரியான வரிசை அது. இந்தக் கரைக்குப் போகும் எவருக்கும் அதையே சொல்வேன்.

துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் கரையின் மட்டத்துக்கு உயர்ந்து நின்றன. படகுத்துறையிலிருந்து ஒரு கால் எடுத்து வைத்தால் ஏறிவிடலாம். அதற்கு அப்பால் கடற்கரை வளைந்து போய்ச் செங்குத்தான சிவப்புப் பாறையில் முட்டுகிறது. பாறையின் உச்சியில் கரும்பச்சை மரங்கள். அடியில் தண்ணீருக்கு மேலே கறுத்த வளைவுகள் தெரிந்தன, ஒரு ஆள் நின்றால் தலை தட்டும் உயரம்தான். அவைதான் குகைகள். ஒரு கயாக் படகு அந்த வளைவுக்குள் நுழைந்து மறைந்து, சிறிது நேரம் கழித்துத் திரும்ப வந்தது. கரையோரத்துத் தண்ணீர் நீலமாக இல்லை, செம்மண் கலந்த நிறம். மழைக்குப் பிறகு வாய்க்காலில் ஓடும் நிறம். அந்தப் பாறைதான் கரைந்து தண்ணீரில் நிற்கிறது.

தண்ணீர் இறங்கக் காத்திருக்க வேண்டும். கடற்கரையை ஒட்டியுள்ள உணவகத்தில் சௌடர் வாங்கினோம். பாலும் க்ரீமும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கெட்டிக் குழம்பில் சிங்கி இறால், ஸ்காலப், ஹேடாக் மீன். காரமோ புளியோ கிடையாது. நாகையில் பிறந்து வளர்ந்த நாக்கு எனக்கு. ஆனாலும் மீன் நல்ல மீனாக இருந்தால் மிளகாய் இல்லாமலும் அது நிற்கும் என்று அன்று ஒப்புக்கொண்டேன்.

பேத்திக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. "இங்க மட்டும் ஏன் இவ்ளோ தண்ணி வருது அம்மாச்சி?" என்றாள். டீச்சரிடம் கேட்க வேண்டிய கேள்வி. மேஜையில் இருந்த காகிதத்தில் விரிகுடாவை வரைந்தேன். நியூ பிரன்சுவிக் ஒரு பக்கம், நோவா ஸ்கோஷியா மறுபக்கம், நடுவில் சுமார் 270 கிலோமீட்டர் நீளத்துக்கு உள்ளே போகும் கடல். வாய் அகலம், போகப் போக ஒடுக்கம், ஆழமும் குறைந்துகொண்டே வரும். ஒடுங்கும் இடத்தில் தண்ணீர் மேலே ஏறத்தானே வேண்டும் என்று பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இப்படி ஒடுங்கும் விரிகுடாக்கள் உலகில் நிறைய உண்டு. எல்லா இடத்திலும் 16 மீட்டர் ஏறுவதில்லை.

முக்கியமான காரணம் நேரம். எந்த விரிகுடாவுக்கும் அதன் நீளத்தையும் ஆழத்தையும் பொறுத்துத் தனக்கென்று ஓர் அசைவு நேரம் இருக்கிறது. உள்ளே போன தண்ணீர் முனையில் முட்டித் திரும்பி வந்து மறுபடி உள்ளே போக எடுக்கும் நேரம். ஃபண்டிக்கும் அதன் வாயிலிலுள்ள மெயின் வளைகுடாவுக்கும் சேர்த்து அது சுமார் 13 மணி நேரம். நிலாவின் இழுப்பால் அட்லாண்டிக்கில் ஏற்றம் வருவது 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு தடவை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. "ஊஞ்சல்ல உன்னை அம்மா எப்பத் தள்ளுவா? நீ பின்னால வந்து திரும்பப் போற அந்த நேரத்துல. மெதுவாத் தள்ளினாப் போதும், நீ மேல மேல போயிடுவே. அட்லாண்டிக் அதைத்தான் பண்ணுது" என்றேன். "அப்ப யாரும் நிறுத்தவே மாட்டாங்களா?" என்று கேட்டாள். நிறுத்த மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் இந்த விரிகுடாவுக்குள் வந்து போகும் தண்ணீர் 16,000 கோடி டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உலகத்து ஆறுகள் அத்தனையும் சேர்ந்து, ஏற்றம் நிறைய எடுக்கும் ஆறு மணி நேரத்தில் கடலுக்குக் கொண்டு வரும் தண்ணீரைவிட அது அதிகம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 16 மீட்டர் என்பது விரிகுடாவின் உள்முனையில், நோவா ஸ்கோஷியா பக்கம், பர்ன்ட்கோட் ஹெட் என்ற இடத்துக் கணக்கு. செயின்ட் மார்ட்டின்ஸ் நடுவழியில் இருப்பதால் அங்கே மூன்று மாடி உயரம்தான். கியூபெக் மாகாணத்தின் வடகோடியில் உங்காவா விரிகுடாவிலும் பர்ன்ட்கோட்டுக்கு நிகரான ஏற்றம் அளக்கப்பட்டிருக்கிறது. அளவீட்டுப் பிழைக்குள் இரண்டும் சமம் என்பதுதான் கனடா அரசின் நீர்வரைவியல் துறை சொல்வது. இப்போது பாடம் நடத்தும் டீச்சர்கள் இரண்டு பெயரையும் சொல்வது நியாயம்.

நாங்கள் சாப்பிட்டு எழுந்தபோது கடல் இறங்கத் தொடங்கியிருந்தது. முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு கூழாங்கற்களில் ஈரமான ஒரு பட்டை தெரிந்தது. பட்டை அகலமானது. துறைமுகத்தில் படகுகள் ஒரு படி இறங்கின, இன்னொரு படி இறங்கின. படகுத்துறையின் மரத்தூண்கள் நீண்டுகொண்டே போயின. மேல்பாதி வெளுத்த மரம், கீழ்பாதி பச்சைப் பாசி. கடைசியில் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. காலையில் எட்டிக் கால் வைக்கக்கூடிய இடத்தில் இப்போது நீளமான இரும்பு ஏணி. அதன் கீழ்ப்படிகளில் பாசி வழிந்தது. கடல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள். சிறு பிள்ளைகள், நாய்கள், கைத்தடியோடு ஒரு முதியவர். எனக்குக் கால் எழவில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் அன்று சுனாமியில் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜனவரியில் பள்ளி திறந்து வருகைப் பதிவேட்டைப் பிரித்தபோது பெயர் கூப்பிட்டும் பதில் வராத பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே நான் நிறுத்திய நேரம் இன்னும் எனக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் கடல் உள்வாங்கியது என்ற பேச்சு காதில் விழுந்தாலே போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் பிள்ளைகளைத் தேடி ஓடுவார்கள். திருச்செந்தூரிலோ ராமேஸ்வரத்திலோ அமாவாசைக்குக் கடல் சில அடி பின்வாங்கிப் பாறை தெரிந்தது என்று பேப்பரில் செய்தி வரும். நானும் அதை இரண்டு தடவை படிப்பேன். ஓதம் பற்றிப் பாடம் நடத்தியவள்தான். மூளைக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை.

மகளுக்குச் சொல்லாமலே புரிந்தது. அவளும் அந்த ஊர்ப் பிள்ளைதானே. பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளைதான் போனில் ஓத அட்டவணையைக் காட்டினார். "இன்னும் ரெண்டு மணி நேரம் இறங்கிக்கிட்டே இருக்கும் அத்தை. அப்புறம்தான் திரும்பும். அடுத்த வருஷத்துக்கும் சேர்த்தே போட்டு வச்சிருக்காங்க." நிமிடக் கணக்கில் இருந்தது. இன்றைய வற்றம், நாளைய வற்றம், நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி. அந்த வரிசையைப் படிக்கப் படிக்க மூச்சு சீரானது. சுனாமிக்கு அட்டவணை கிடையாது. அது விலகுவதும் வருவதும் நிமிடங்களில் நடந்து முடியும். ஓதம் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு விலகும், ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு வரும். இந்த ஒரு வித்தியாசத்தை எங்கள் கரையோரப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று அங்கே நின்றுதான் எனக்கு உறைத்தது. எது கண்டு ஓட வேண்டும், எது கண்டு ஓட வேண்டாம் என்பது கரையில் வாழும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு நிகரான பாடம்.

நடந்தேன். கடற்கரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சிற்றோடை கடலுக்குப் போகிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினால் ஆகஸ்ட் மாதத்திலும் அந்தத் தண்ணீர் எலும்பைத் தொடுகிறது. அதைத் தாண்டியதும் மணல் கிடையாது, உருண்டை உருண்டையாகக் கல். முட்டையளவு, எலுமிச்சையளவு, சிலது தேங்காயளவு. பாதம் ஒவ்வொரு அடிக்கும் புரளும். பேத்தி முன்னால் ஓடினாள், நான் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். காலையில் கயாக் மிதந்த இடத்தின் அடியில் நடக்கிறோம் என்பது நடந்து முடியும்வரை மனதை விட்டுப் போகவில்லை.

காலையில் ஆள் உயரமாகத் தெரிந்த வளைவு இப்போது கோயில் கோபுர வாசலைவிடப் பெரிதாக நின்றது. உள்ளே நுழைந்ததும் குளிர். கூரையிலிருந்து நல்ல தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, மேலே காட்டில் பெய்த மழை பாறை வழியாகக் கசிந்து வருவது. சுவரில் ஒரு மட்டம் வரை வழுக்கும் பாசி, அதற்கு மேலே வெறும் சிவப்பு. அந்தக் கோடு என் தலைக்கு மேலே, கையை உயர்த்தினாலும் எட்டாத இடத்தில் இருந்தது. கடல் இன்று காலை வரை அங்கே நின்றிருக்கிறது.

சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தூரத்திலிருந்து ஒரே பாறையாகத் தெரிவது உண்மையில் ஒரே பாறை இல்லை. சிவப்பு மணலுக்குள் கூழாங்கற்கள் நெருக்கமாகப் புதைந்து இறுகிக் கிடக்கின்றன. சாம்பல் நிறத்திலும் வெளிர் சிவப்பிலும் வழுவழுவென்ற கற்கள். இடையிடையே குழிகள். ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே வழவழவென்று அரைவட்டமாக இருந்தது. அதிலிருந்து ஒரு கல் கழன்று போயிருக்கிறது. குனிந்து காலடியில் கிடந்த கற்களில் ஒன்றை எடுத்தேன். அதே சாம்பல் நிறம், அதே வழவழப்பு. குழியில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் பெரிய கல், பொருந்தவில்லை. பேத்தி அந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். பொருந்தும் கல்லைத் தேடிப் பிடிக்காமல் வரமாட்டேன் என்று கீழே உட்கார்ந்துவிட்டாள்.

குகை எப்படி உண்டாயிற்று என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் இல்லை. பாறையில் ஒரு விரிசல். அலை அதற்குள் தண்ணீரையும் காற்றையும் அடித்து ஏற்றுகிறது. குளிர்காலத்தில் விரிசலில் தேங்கிய தண்ணீர் உறைந்து, பருத்து, விரிசலைப் பிளக்கிறது. மணல் உதிர்கிறது, பிடிப்பு இழந்த கூழாங்கல் கழன்று விழுகிறது. அடுத்த புயலில் கடல் அந்தக் கல்லையே எடுத்துச் சுவரில் அறைகிறது. சுவரைக் குடையும் கருவி சுவரிலிருந்தே வருகிறது. ஓதம் சிறியதாக உள்ள கரையில் அலை எப்போதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அறையும். இங்கே ஒரு நாளைக்கு நான்கு தடவை, மேலே போகும்போது இரண்டு, கீழே வரும்போது இரண்டு, சுவரின் மூன்று மாடி உயரத்தையும் தடவிக்கொண்டு போகிறது. குகைக்கு இந்த உயரம் வந்தது அப்படித்தான்.

இந்தப் பாறை 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. கண்டங்கள் எல்லாம் ஒட்டி ஒரே நிலமாகக் கிடந்த பாஞ்சியா பிளக்கத் தொடங்கிய காலம். அன்றைக்கு இங்கே கடல் இல்லை. வறண்ட பள்ளத்தாக்கு. எப்போதாவது பெருக்கெடுத்த ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்து போட்ட கற்கள்தான் சுவரில் இருப்பவை. சிவப்பு, இரும்புத் துரு. ஆறு ஒரு தடவை உருட்டிய கல்லை, அத்தனை கோடி ஆண்டு பாறைக்குள் கிடந்த பிறகு, கடல் எடுத்து மறுபடி உருட்டுகிறது. ஆனால் குகைகள் அவ்வளவு பழையவை அல்ல. கடைசிப் பனியுகம் முடிந்து, பனி உருகிக் கடல்மட்டம் உயர்ந்து, விரிகுடாவின் ஆழம் இன்றைய அளவுக்கு வந்த பிறகுதான் ஓதம் இவ்வளவு பெரிதானது. அதற்கு முன் இங்கேயும் சின்ன ஓதம்தான். இந்தக் குகைகளும் செயின்ட் ஜானைச் சுற்றியுள்ள பாறைகளும் சேர்ந்ததுதான் ஸ்டோன்ஹேமர், 2010-இல் வட அமெரிக்காவின் முதல் ஜியோபார்க்காக, அதாவது நிலவியல் பூங்காவாக, அறிவிக்கப்பட்டது. தகுதியான பெருமை.

பெரிய குகைக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு உயரத்தில் இன்னொரு பள்ளம் இருந்தது. பேத்தி கல் தேடும் வேலையை அதன் முன்னால் நடத்திக்கொண்டிருந்தாள்.

கடல் திரும்பியது எனக்கு முதலில் தெரியவில்லை. திரும்பும் நேரத்தில் அது நின்று யோசிப்பதுபோல் சிறிது நேரம் அசையாமல் இருக்கும். பின்னாலேயே மெல்ல வரும். அங்கேயே வளர்ந்தவர் என்று தோன்றிய ஒரு வயதான பெண்மணி, நாயைக் கூட்டிக்கொண்டு போகிறபோது எங்களிடம் நின்று, முதல் ஒரு மணி நேரத்தை நம்பி ஏமாறாதீர்கள் என்றார். மாலுமிகளிடம் பன்னிரண்டில் பங்கு என்று ஒரு கணக்கு உண்டு. மொத்த ஏற்றத்தில் முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. 9 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் முதல் மணி நேரத்தில் முக்கால் மீட்டர்தான் ஏறும். மூன்றாவது மணி நேரத்தில் இரண்டேகால் மீட்டர், ஆள் உயரத்துக்கும் மேல். பாறை முனைகளைச் சுற்றிப் போய் அடுத்த கடற்கரையில் மெய்மறந்து நிற்பவர்களுக்குத் திரும்பும் வழி மூடிவிடும். பின்னால் ஏற முடியாத செங்குத்துப் பாறை. இரண்டாவது மணி நேரம் தொடங்கும்போது நாங்கள் ஓடையைத் தாண்டி வந்துவிட்டோம். முன்பு கணுக்கால் அளவு இருந்த ஓடை முழங்கால் தொட்டது.

கரையில் உட்கார்ந்து குகை நிறைவதைப் பார்த்தேன். பயம் இருந்ததா என்று மகள் கேட்டாள். இருந்தது. ஆனால் அது வேறு பயம். வரும் நேரம் சொல்லிவிட்டு வரும் ஒன்றிடம் வைக்க வேண்டிய பயம். ஏணியின் படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே பேத்தி கடலைப் பார்த்தாள். படகுகள் சேற்றிலிருந்து அசைந்து, சாய்ந்து, நிமிர்ந்தன. மீனவர்கள் காருக்குள் காத்திருந்து, தண்ணீர் போதும் என்று தெரிந்ததும் இறங்கி வந்து என்ஜினைப் போட்டார்கள். எங்கள் மீனவர்கள் காற்றைப் பார்த்துக் கடலுக்குப் போவார்கள், இவர்கள் தண்ணீரைப் பார்த்துப் போகிறார்கள்.

அட்டவணையை முழுக்க நம்பிவிடவும் கூடாது என்பதற்கு இந்தக் கரைக்கே ஒரு வரலாறு உண்டு. 1869 அக்டோபர் தொடக்கத்தில் நிலா பூமிக்கு மிக அருகில் வரும், மிகப் பெரிய ஏற்றம் ஏற்படும், பேரழிவு வரலாம் என்று இங்கிலாந்துக் கடற்படையைச் சேர்ந்த ஸ்டீபன் சாக்ஸ்பி ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே பத்திரிகைக்கு எழுதினார். உலகின் எந்த மூலையில் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அக்டோபர் 4 இரவு புயல் ஃபண்டிக்குள் நுழைந்த நேரமும் அந்த ஏற்றம் வந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அதுவரை கண்ட உச்சத்துக்கும் மேலே சுமார் 2 மீட்டர் தண்ணீர் ஏறியது. கடலைத் தடுத்து அணை போட்டுப் பயிரிட்ட தாழ்நிலங்கள் மூழ்கின, மாடுகள் மிதந்தன, மனிதர்களும் செத்தார்கள். இன்றும் அதை சாக்ஸ்பி புயல் என்றுதான் சொல்கிறார்கள். நிலாவின் பங்கைக் கணக்குப் போட்டுவிடலாம். காற்றின் பங்கை முதல் நாள்தான் சொல்ல முடியும்.

வேறொரு நாள் விரிகுடாவின் உள்பக்கம், ஹோப்வெல் ராக்ஸுக்கும் போனோம். அங்கே ஓதம் 14 மீட்டர் வரை போகும். பெட்டிகோடியாக் ஆறு கடலில் சேரும் இடம். குகைகள் அங்கேயும் உண்டு, ஆனால் கூட்டம் வருவது கரையிலிருந்து பிரிந்து தனித்தனியாக நிற்கும் பாறைத் தூண்களைப் பார்க்க. அடி ஒடுங்கி, மேலே அகன்று, உச்சியில் மரம் முளைத்து நிற்கின்றன. குகை பின்பக்கம் வரை குடைந்து போனால் வளைவாகும், வளைவின் கூரை விழுந்தால் தூண் மிச்சம். செயின்ட் மார்ட்டின்ஸில் பார்த்த கதையின் அடுத்த அத்தியாயம் இது. ஹோப்வெல்லில் மணல், கூழாங்கல் எல்லாவற்றுக்கும் மேலே சேறு, முழங்கால்வரை வாங்கும் சாக்லேட் நிறச் சேறு. ஆகஸ்டில் அந்தச் சேற்றில் விரலளவுகூட இல்லாத மண் இறால்களைத் தின்னச் சின்ன உள்ளான்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கும். உடம்பு எடை இரட்டிக்கும்வரை தின்றுவிட்டுத் தென் அமெரிக்காவுக்கு நிற்காமல் பறக்கும். அதைத் தனியாக எழுத வேண்டும்.

அந்தத் தூண்களைப் பற்றி அந்த மண்ணின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களிடம் ஒரு கதை இருக்கிறது. விரிகுடாவில் வாழ்ந்த திமிங்கிலங்களிடம் அடிமைப்பட்டிருந்தவர்கள் ஒரு நாள் தப்பித்துக் கரைக்கு ஓடினார்கள், கரையேறுவதற்குள் கல்லாகிப் போனார்கள். தூண்களின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தபோது ஓடிவந்து நின்றுபோன கூட்டம் போலவே இருந்தது. கரைக்கு இன்னும் பத்தடிதான் பாக்கி.

யானைப் பாறை என்று ஒன்று அங்கே புகழ்பெற்றது. மாகாணத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டையில்கூட அதன் படம் இருந்திருக்கிறது. 2016 மார்ச்சில் ஒரு பக்கம் அப்படியே சரிந்து விழுந்துவிட்டது. நூறு டன்னுக்கும் மேல். விழுந்த குவியல் பாறையின் காலடியில் கிடக்கிறது, கடல் அதை உருட்டி எடுத்துப் போய்க்கொண்டிருக்கிறது. துதிக்கை எங்கே இருந்தது என்று பழைய படத்தைக் காட்டி மாப்பிள்ளை விளக்கினார். பார்த்துக்கொண்டிருந்த பேத்தி திரும்பி, "அப்ப நாம போன குகையும் விழுந்துடுமா அம்மாச்சி?" என்று கேட்டாள்.

"விழும்" என்றேன். "நீயும் நானும் பாக்க மாட்டோம். ஆனா விழும்."

"அப்புறம்?"

"பக்கத்துல இடுப்பளவுக்கு ஒரு பள்ளம் இருந்துச்சே, கவனிச்சியா?"

கவனித்ததாகச் சொன்னாள். தான் அதற்குள் உட்கார்ந்தும் பார்த்தாளாம், தலை இடிக்கவில்லையாம்.